கையெழுத்து மாதிரிதான் கடவுச்சொல்லும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



செல்போனில் மின்னஞ்சல், வாட்ஸ்அப் பயன்படுத்துவது பற்றிப் பேசச் சொல்லி எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லீங்க. பத்தாம் வகுப்போடு நின்றவள். குழுவில் கணக்கு எழுதினேன், பிறகு இதே கூட்டமைப்பில் செயலாளராக இருந்தேன். அதனால் படித்தவங்க மாதிரி பேச எனக்குத் தெரியாது. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தன. 1997-98இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தன. குழு சேர்ந்த புதிதில் நமக்கு முதலில் என்ன சொல்லிக் கொடுத்தாங்க? கடன் வாங்கவா? இல்லை. கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தாங்க. ராத்திரி சோறாக்கி இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையோட சிலேட்டை வாங்கி, நம்ம பேரை நாமே எழுதிப் பழகினோம். வங்கியில் ஸ்டாம்ப் பேடை நம் பக்கம் தள்ளியபோது, "வேண்டாம் சார், பேனா கொடுங்க" என்று சொன்ன நாளை நம்மில் எத்தனை பேர் மறந்திருப்போம்?

நம் கையெழுத்தை நம் வீட்டுக்காரர் போட்டால் செல்லுமா? மகன் போட்டால் செல்லுமா? செல்லாது. அது நமக்கு நல்லாத் தெரியும். ஆனால் இன்றைக்கு அதே கையெழுத்தை நாம் வேறொருத்தர் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம். எங்கே தெரியுமா? இந்த செல்போனுக்குள்ளே. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

எனக்கு நடந்தது

நான் செயலாளராக இருந்தபோது ஒரு கண்காட்சியில் நம் முறுக்கு, அதிரசம், தட்டை எல்லாம் வைத்து ஸ்டால் போட்டோம். ஒரு கம்பெனியில் இருந்து வந்தவர் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார். "தீபாவளிக்கு எங்க தொழிலாளர்களுக்கு 400 பெட்டி வேணும், விலைப்புள்ளி கேட்டு மெயில் அனுப்புறோம்" என்றார். நானும் பெருமையாக நம் கூட்டமைப்பு கார்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் மெயில் முகவரி அச்சடித்திருந்தது.

அந்த மெயில் யார் ஆரம்பித்தது? நாலு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு மெயில் முகவரி கட்டாயம் என்று சொன்னதால், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்தோம். அங்கே இருந்த தம்பி ஐந்து நிமிஷத்தில் ஆரம்பித்துக் கொடுத்தார். கடவுச்சொல் அவரே போட்டார். போன் நம்பரும் அவருடையதையே கொடுத்துவிட்டார். நாங்கள் முகவரியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். கேட்காமல் வந்தது நாங்கள்தான்.

கம்பெனியில் இருந்து மெயில் வரும் வரும் என்று காத்திருந்தோம். திறந்து பார்க்கலாம் என்றால் கடவுச்சொல் தெரியாது. கடவுச்சொல்லை மாற்றலாம் என்றால் ரகசிய எண் அந்தத் தம்பியின் போனுக்குப் போகிறது. அவர் அதற்குள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார், நம்பரும் மாறிவிட்டது. "அவசியம்னா போன் பண்ணுவாங்க" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் நானே கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். "அம்மா, ரெண்டு தடவை மெயில் போட்டோம். பதிலே இல்லை. வேற இடத்துல கொடுத்துட்டோம்" என்றார்கள்.

400 பெட்டி, சகோதரிகளே. 22 பேர் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நின்று உழைக்கத் தயாராக இருந்தார்கள். மாவுக்கும் எண்ணெய்க்கும் உள்கடன் கூட வாங்கி வைத்திருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது? "மெயில் வந்துச்சு, ஆனா பெட்டி சாவி நம்மகிட்ட இல்லை" என்றுதான் சொன்னேன். அன்றைக்கு ஒரு அக்கா கேட்டார்: "பணப்பெட்டியை ஒருத்தர் வீட்டுலயும் சாவியை இன்னொருத்தர் வீட்டுலயும் வைக்கத் தெரிஞ்ச நமக்கு, இந்தச் சாவியை வாங்கணும்னு தோணலையே?" அந்தக் கேள்விதான் என்னை மெயில் கற்றுக்கொள்ள வைத்தது.

பேச்சு வேறு, நோட்டு வேறு

"வாட்ஸ்அப்தான் இருக்கே, மெயில் எதுக்கு?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் இப்படிப் புரிந்துகொண்டேன்.

நம் குழுக் கூட்டத்தில் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, பேச்சு. எல்லோரும் பேசுகிறோம், சிரிக்கிறோம், சண்டை கூடப் போடுகிறோம். இன்னொன்று, தீர்மான நோட்டு. பேசினதில் முடிவு எதுவோ அதை எழுதி, கையெழுத்துப் போடுகிறோம். ஆடிட் வந்தால் பேச்சைக் கேட்பார்களா, நோட்டைக் கேட்பார்களா? வாட்ஸ்அப் என்பது பேச்சு. மின்னஞ்சல் என்பது நோட்டு. இரண்டும் வேண்டும். ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றை வைத்தால்தான் சிக்கல்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிஷத்துக்குள் திருத்தலாம். இரண்டு நாள் வரைக்கும் எல்லோர் போனில் இருந்தும் அழிக்கலாம். பேச்சுக்கு அது வசதிதான், வாய் தவறி வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கு விஷயம் அப்படி இருக்கலாமா? நோட்டில் வெள்ளை மை தடவினால் நாம் விடுவோமா? மெயிலை அனுப்பி அது அவர்கள் பெட்டியில் விழுந்துவிட்டால், நாம் நினைத்தாலும் அங்கிருந்து அழிக்க முடியாது. தேதி, நேரத்தோடு நம்மிடமும் ஒரு நகல் இருக்கும்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. வங்கி மேலாளர் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு "சரி, அடுத்த வாரம் கடன் மனுவைப் பார்க்கிறேன்" என்று போடுகிறார். அடுத்த வாரம் அவருக்கு மாறுதல் வந்துவிடுகிறது. அந்த வாட்ஸ்அப் அவரோடு போய்விடும். அலுவலக மெயிலுக்கு அனுப்பியிருந்தால், அது நாற்காலியோடு இருக்கும். புதிதாக வருகிறவர் எடுத்துப் பார்க்கலாம். நமக்கும் அதேதான். பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மாறவும் வேண்டும். நான் செயலாளராக இருந்தபோது என் வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கூட்டமைப்பு மெயிலில் எழுதியது மட்டும்தான் கூட்டமைப்புக்குச் சொந்தமாக இருக்கிறது.

மெயில் நமக்குப் புதுசு இல்லை

மெயில் எழுதுவது கஷ்டம் என்று பயப்படாதீங்க. மனு எழுதத் தெரிந்தவங்களுக்கு மெயிலும் தெரியும். மனுவில் என்ன எழுதுவோம்? அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, விவரம், இப்படிக்கு. மெயிலிலும் அதே வரிசைதான். அனுப்புநர் தானாகவே வந்துவிடும். பெறுநர் என்ற இடத்தில் அவர்கள் முகவரி. பொருள் என்ற இடத்தில் ஒரே வரி. "வணக்கம் சார்" என்று பொருளில் போடாதீங்க. ஒரு நாளைக்கு நூறு மெயில் வருகிற ஆபீசில் அதை யார் திறப்பார்கள்? குழுவின் பெயர், ஊர், கேட்கிற விஷயம், மூன்றும் பொருள் வரியிலேயே இருக்கணும். மனுவின் அடியில் "நகல்: உயர்திரு மேலாளர்" என்று போடுவோமே, அதற்கும் மெயிலில் தனி இடம் இருக்கிறது. ஜெராக்ஸைக் குண்டூசி குத்தி இணைப்போமே, அதற்கு ஒரு கிளிப் படம் போட்டிருக்கும். அதைத் தொட்டால் போட்டோவோ காகிதமோ சேர்க்கலாம். ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்பி வரை இணைக்கலாம். நம் பாஸ்புக் பக்கமும் தீர்மான நகலும் அனுப்ப அது தாராளம்.

காகிதத்தைப் போட்டோ எடுக்கும்போது ஒரு விஷயம். சாய்த்து எடுத்து, விரல் நிழல் விழுந்து, பக்கத்தில் காபி டம்ளரும் தெரிகிற மாதிரி அனுப்பாதீங்க. போனில் கூகுள் டிரைவ் என்ற செயலி பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். அதில் கேமரா படத்தைத் தொட்டால் காகிதத்தை ஸ்கேன் செய்து, ஓரம் வெட்டி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடும். ஜெராக்ஸ் கடைக்கு நடக்கிற நடையும் மிச்சம்.

"டைப் அடிக்க வரலையே" என்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. எழுத்துப் பலகையில் மைக் படம் இருக்கிறது பாருங்க, தமிழை மொழியாகச் சேர்த்து வைத்துவிட்டு அதைத் தொட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதும். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பாருங்க. முக்கியமாகத் தொகை, பெயர், தேதி. நாம் ஒன்று சொல்ல அது ஒன்று எழுதும். படிக்காமல் நோட்டில் கையெழுத்துப் போடக் கூடாது என்று நாம்தானே மற்றவங்களுக்குச் சொல்கிறோம்?

அனுப்பியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீங்க. மெயில் போய்ச் சேர்ந்தது என்றால் அவர்கள் படித்தார்கள் என்று அர்த்தம் இல்லை. கடைசி வரியில் "கிடைத்த விவரத்தை ஒரு வரியில் தெரிவிக்க வேண்டுகிறோம்" என்று எழுதுங்க. மூன்று நாளில் பதில் வரவில்லை என்றால் போன் செய்து, "இந்தத் தேதியில் மெயில் அனுப்பியிருக்கிறோம்" என்று சொல்லுங்க. தேதி சொல்லிக் கேட்கும்போது குரலுக்கே ஒரு பலம் வருகிறது, நான் அனுபவிச்சுச் சொல்றேன். வாரம் ஒருமுறை ஸ்பேம் என்ற பெட்டியையும் பாருங்க. வேண்டாத குப்பைக் கடிதங்கள் விழுகிற இடம் அது. சில சமயம் நல்ல கடிதமும் அதில் போய் விழுந்துவிடும்.

சாவி யாரிடம்?

இப்போது உங்கள் போனில் ஒரு வேலை செய்யலாம். ஜிமெயிலைத் திறங்க. மேலே வலது பக்கம் வட்டமாக ஒரு படமோ எழுத்தோ இருக்கும். அதைத் தொடுங்க. என்ன முகவரி தெரிகிறது? சில பேருக்கு மகன் பேர் இருக்கும். சில பேருக்கு யார் பேர் என்றே தெரியாது. போன் வாங்கின கடையில் அவர்களே ஏதோ போட்டுக் கொடுத்திருப்பார்கள். கூகுள் கணக்கு இல்லாமல் பிளே ஸ்டோரில் இருந்து எந்தச் செயலியையும் இறக்க முடியாது. அதனால் கடைக்காரர் ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் கொடுப்பார். உங்களுக்குத் தெரியாத பேர் அங்கே இருந்தால், உங்கள் போன் நம்பர்கள், சில போன்களில் போட்டோக்கள் கூட, அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கலாம். முதலில் அந்தக் கணக்கில் இருக்கிற நம்பர்களைக் குறித்துக்கொண்டு, உங்கள் பேரில் ஒன்று ஆரம்பிங்க. நம்பிக்கையானவங்களைப் பக்கத்தில் வைத்துச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் கடவுச்சொல்லை நீங்களே அடிங்க. போன் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும்.

கூட்டமைப்பு மெயிலுக்கு நாங்கள் ஒரு முறை வைத்தோம். முகவரியில் யார் பேரும் வராது, கூட்டமைப்பின் பேர்தான். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களுக்குத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்தோம். தீர்மான நோட்டில் கடவுச்சொல்லை எழுதவில்லை, உறை இருக்கிறது என்பதை மட்டும் எழுதினோம். பொறுப்பாளர் மாறும்போது சீல், செக் புத்தகம், நோட்டு எல்லாம் ஒப்படைக்கிறோம் இல்லையா, அதே பட்டியலில் மெயிலையும் சேர்த்தோம். புதுப் பொறுப்பாளர் அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றணும், மீட்புக்கான போன் நம்பரையும் தன்னுடையதாக மாற்றணும். நான் பொறுப்பை விட்ட அன்றைக்கு என் நம்பரை எடுக்கச் சொல்லி நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

வாட்ஸ்அப் குழு நடத்துவது

வாட்ஸ்அப்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத நம் மூத்த உறுப்பினர்களுக்கு அது கொடுத்த குரல் பெரிய விஷயம். மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நான் நாளைக்குக் கூட்டத்துக்கு வர மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போறேன், சந்தாவை மருமகள்கிட்ட கொடுத்து விடுறேன்" என்று ஒரு பாட்டி சொல்கிறார். யார் தயவும் வேண்டாம், யாரையும் எழுதித் தரச் சொல்ல வேண்டாம். அதைக் கேட்கிறபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் என்ன இருக்கிறது? காலை வணக்கம் 17, பூப்படம் 9, சாமி படம் 12. நடுவில் எங்கேயோ "வெள்ளிக்கிழமை வங்கியில் கடன் ஆவணத்தில் கையெழுத்து, எல்லோரும் ஆதாரோடு வரவும்" என்று ஒரு செய்தி. அதைப் பார்க்காமல் நாலு பேர் வரவில்லை, மற்றவர்கள் எல்லோரும் ஒரு நாள் கூலி போய்த் திரும்பினார்கள். இதற்கு வழி இருக்கிறது. இரண்டு குழுவாக வைங்க. ஒன்று அறிவிப்புக்கு. குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போய், அனுமதிகள் என்ற இடத்தில், நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று வைத்துவிடலாம். இன்னொன்று பேசுவதற்கு. பூப்படமும் சாமி படமும் அங்கே வரட்டும், யாருக்கு என்ன கஷ்டம்?

நீல டிக் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு டிக் என்றால் அனுப்பியாச்சு. இரண்டு டிக் என்றால் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. இரண்டும் நீலமானால் திறந்து பார்த்தாச்சு. பார்த்தாச்சு என்றால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. கட்டை விரல் படம் போட்டால் அதுவும் கைநாட்டு இல்லை. ஒரு குழுவில் "இவருக்குக் கடன் கொடுக்கலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, ஏழு கட்டை விரல் வந்ததும் கொடுத்துவிட்டார்கள். தவணை நின்றபோது, "நான் வாழ்த்துச் சொன்னேன்னு நினைச்சுப் போட்டேன்" என்று மூன்று பேர் சொன்னார்கள். கேட்கிறது வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். முடிவு கூட்டத்தில், நோட்டில், கையெழுத்தோடு.

இன்னொன்று சொல்லியே ஆகணும். மனசுக்குக் கஷ்டமான விஷயம். ஒரு குழுவில் தவணை கட்டாதவர்கள் பெயரையும் தொகையையும் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். போட்டவர் கெட்ட எண்ணத்தில் போடவில்லை, நினைவுபடுத்தத்தான் போட்டார். அந்த உறுப்பினரின் போன் அன்றைக்கு அவர் மாமியார் கையில் இருந்தது. வீட்டில் பெரிய சண்டை. அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கே வரவில்லை. பத்து வருஷம் சேமித்த பெண், ஒரு செய்தியால் குழுவை விட்டுப் போனார். நேரில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா, என்ன கஷ்டம்?" என்று கேட்டிருந்தால் தவணையும் வந்திருக்கும், ஆளும் இருந்திருப்பார். பாக்கி பற்றி ஆளுக்கு நேரில் பேசுங்க. ஆதார், பாஸ்புக் படங்களையும் பொதுக் குழுவில் போடாதீங்க. அது இருபது போனுக்குப் போகிறது. அந்த இருபது போனும் யார் யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அனுப்பும் முன் ஒரு நிமிஷம்

2018 மே மாதம் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், சென்னையில் இருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்டிருக்கிறது. அதில் ஒரு வயதான அம்மா, அங்கே இருந்த பிள்ளைகளுக்கு ஆசையாக மிட்டாய் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துக் கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்தே போனார். நம் வீட்டுப் பெரியவங்க தெருவில் பிள்ளைகளைப் பார்த்தால் மிட்டாய் கொடுக்க மாட்டாங்களா? அந்தச் செய்தியை அனுப்பின ஒவ்வொருத்தரும் "நல்லதுக்குத்தானே அனுப்பினேன்" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதே வருஷம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் செய்தது. இப்போது ஒரு செய்தியின் மேல் இரண்டு அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அதைப் பார்த்தால் உங்கள் விரலை நிறுத்துங்க. யார் எழுதினது என்று தெரியாத செய்திக்கு நம் பேரைக் கொடுக்க வேண்டாம்.

பணம் பறிப்பவர்கள்

கடைசியாக, ஏமாற்று. ஒரு நாள் நம் கூட்டமைப்பின் உறுப்பினர் ஒருத்தர் பேரில் எல்லோருக்கும் வாட்ஸ்அப் வந்தது: "அவசரம், 5,000 அனுப்புங்க, சாயங்காலம் தந்துடுறேன்." படம் அவருடையது, நம்பர் அவருடையது. இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, காலையில் அவருக்கு யாரோ போன் செய்து, "உங்க போனுக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து அவர் வாட்ஸ்அப்பை அவர்கள் போனில் திறந்துகொண்டார்கள்.

போனுக்கு வருகிற ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கி என்று சொன்னாலும் சரி, நம் கூட்டமைப்பு என்றே சொன்னாலும் சரி. வாட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு என்ற இடத்தில், இரு-படி சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆறு இலக்கத்தில் ஒரு பின் வைத்துவிட்டால், ரகசிய எண் வெளியே போனாலும் அந்தப் பின் தெரியாமல் உள்ளே நுழைவது கஷ்டம். நம் வீட்டுக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் மாதிரி. இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தையும் திறந்து பாருங்க. உங்கள் வாட்ஸ்அப் வேறு எந்தக் கம்ப்யூட்டரில், எந்தப் போனில் திறந்திருக்கிறது என்று அங்கே தெரியும். தெரியாதது இருந்தால் வெளியேற்றிவிடலாம்.

பணம் கேட்டு யாரிடமிருந்து செய்தி வந்தாலும், முதலில் போன் செய்து குரலைக் கேளுங்க. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை. பின் போடச் சொன்னால் நம் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகை, அரசு உதவித் தொகை என்று ஏபிகே என்று முடிகிற ஃபைல் வந்தால் தொடாதீங்க. பத்திரிகை படமாக வரும், செயலியாக வராது. போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், வெளியே யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டினால் தொடர்பைத் துண்டிங்க. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. தப்பு நடந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. வந்த செய்தியை அழிக்காதீங்க, அதுதான் ஆதாரம்.

முக்கியமாக, ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு மூடி மறைக்காதீங்க. அந்த உறுப்பினர் தனக்கு நடந்ததைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். அழுதுகொண்டேதான் சொன்னார். அவர் சொன்னதால்தான் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் பின் வைத்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். உங்களுக்கு மூன்று வேலை சொல்லிவிட்டுப் போகிறேன். ஒன்று, உங்கள் போனில் இருக்கிற மெயில் யார் பேரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்க. இரண்டு, வாட்ஸ்அப்பில் அந்த ஆறு இலக்கப் பின் வைங்க. மூன்று, அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் கூட்டமைப்பு மெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பணும். பொருள் வரியில் குழுவின் பெயரும் ஊரும் இருக்கணும். உள்ளே இரண்டு வரி போதும். தப்பு வந்தாலும் பரவாயில்லை. சிலேட்டில் நம் பேரை எழுதிப் பழகினபோது எத்தனை தடவை அழித்து எழுதினோம்?

அந்தக் கம்பெனி கதை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அடுத்த வருஷம் ஆடி மாசமே நாங்களாக விலைப்புள்ளி அனுப்பினோம். புதுமுகவரியில் இருந்து, பொருள் எழுதி, பெட்டியின் படம் இணைத்து அனுப்பினோம். 400 வரவில்லை. 150 பெட்டிக்குத்தான் ஆர்டர் வந்தது. அந்த மெயிலைப் பொருளாளர் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். மாவு அரைக்கிற அக்கா எழுந்து வந்து, போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நம்ம பேருக்குத்தான் வந்திருக்கா?" என்று கேட்டார். ஆமாம் அக்கா, நம்ம பேருக்குத்தான் வந்திருக்கு என்று சொன்னேன்.